துண்டுக்கு அடியில் மூன்றாவது கை

நான் கண்ணடித்ததாக ஊரே சொன்னது. நான் அடிக்கவில்லை, அது தானாக மூடிக்கொண்டது. மாட்டுத் தரகன் ஒருவன் இப்படிச் சாக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்? என் மனைவி ருக்குமணியே நம்பவில்லை. கடைசியில் நம்பியவர் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா. அவரும் ஊசி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

இப்போது இரண்டு கண்ணும் ஒழுங்காகத் திறந்திருக்கின்றன. சட்டைப் பையில் மாத்திரை டப்பா குலுங்குகிறது. இதே நோய் வந்து பயந்து கிடக்கிறவர்கள் படித்தால் தெம்பாக இருக்கும், நடந்ததை எழுதுங்கள் என்றார் டாக்டரம்மா. பேசிப் பிழைக்கிறவனுக்கு எழுத எங்கே வரும் என்று நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நோய் புரியாது. வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்துச் சந்தைகளில் மாட்டின் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். வாங்குபவரின் தரகனும் விற்பவரின் தரகனும் கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஓர் ஆயிரம், இரண்டைப் பிடித்தால் இரண்டு, விரலின் நடுவில் அழுத்தினால் அரை. விலை பிடிக்கவில்லை என்றால் கையை உதறிவிட வேண்டும். எதிராளியின் கையை முழுதாக மூடிப் பிடித்தால் சம்மதம். மூடிய கையை யாரும் மாற்றிப் பேசுவதில்லை. அப்படிப் பேசினால் அடுத்த சந்தையில் அவனுக்குக் கை நீட்ட ஆள் கிடைக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாயங்காலம், தோட்டத்துக்காரர் ஒருவரின் காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். துண்டுக்குள் பேச்சு சூடாக ஓடியது. இன்னும் ஏற்றலாம் என்று எனக்குத் தெரியும். காளைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த விலைக்கு விட்டுவிடலாம் என்பதற்கு எங்களுக்குள் இருந்த சாடை, கண்ணடிப்பது. அந்த நேரம் பார்த்து என் வலது இமை இறங்கியது. அவர் தலையை ஆட்டிவிட்டு, காளையின் கயிற்றை அவிழ்த்து வாங்க வந்தவர் கையில் கொடுத்துவிட்டார். கயிறு கை மாறினால் வியாபாரம் முடிந்தது. நான் ஆவென்று வாயைத் திறந்தபடி நின்றேன். இமை கீழேயே கிடந்தது.

அடுத்த சம்பவம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில். பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினார். நான் எதிரில் நின்றேன். இமை இறங்கியது. ருக்குமணி எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், அந்தப் பெண்மணியின் முகம் போன போக்கை அவள் பார்த்துவிட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு மாப்ள பாக்கற வயசுல இதெல்லாம் தேவைங்களா?"

எத்தனை சொல்லியும் எடுபடவில்லை. இதற்குள் வேறு வேடிக்கைகள் சேர்ந்துகொண்டன. சாயங்காலமானால் ஒரு மாடு இரண்டாகத் தெரிந்தது. காங்கேயத்துக் கண்ணாடிக் கடையில் தடித்த கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு அந்த இரண்டு மாடுகளும் நன்றாகத் தெரிந்தன. சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றில் தாடை களைத்து நின்றுவிடும். தாடையைக் கையால் முட்டுக்கொடுத்து மென்றேன். பேச்சு மூக்கால் வந்தது. காலையில் எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கும், பொழுது சாயச் சாய எல்லாம் தொய்ந்துவிடும். காலையில் தெளிவு, சாயங்காலம் உளறல், கால் தள்ளாட்டம் வேறு. ஊருக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று பேசினார்கள். நான் சோடாவுக்கு மேல் எதையும் தொட்டவன் அல்ல.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு சந்தையில் என் கை பொய் சொன்னது. எதிராளியின் மூன்று விரல்களைப் பிடிக்க நினைத்தேன், என் கை இரண்டைத்தான் பிடித்தது. மூன்றாவதைப் பிடிக்க வேண்டிய விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. விலையை நானே இறக்கிவிட்டதாக நினைத்து அவர் சந்தோஷமாகக் கையை மூடினார். அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குப் பயம் வந்தது. கண் போனால்கூட மாட்டைத் தடவிப் பார்த்துத் தரகு பேசலாம். கையில் சொல் சுத்தமில்லாத தரகனை யார் நம்புவார்கள்? அந்தக் கையைத்தான் திருப்பி வாங்க வேண்டும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

என் கையைப் பற்றி முதலில் வாய்விட்டுச் சொன்னவர் காதர் பாய். கோயம்புத்தூர் கோட்டைமேட்டுக்காரர். சலங்கை, கழுத்துமணி, மூக்கணாங்கயிறு எல்லாம் கொண்டுவந்து ஒரு சந்தை விடாமல் கடை போடுவார். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். என் வீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைக் காளை நிற்கிறது, கன்றிலிருந்து நான் வளர்த்தது. கழுத்தில் மணி கட்டி அதைக் கடை முன்னால் நிறுத்தினால் சரக்கு தானாக விற்கும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு சந்தையிலும் வந்து துண்டைப் போட்டு, வாய்க்கு வந்த விலை என்பார்களே, அதுபோலக் கைக்கு வந்த விலைக்குக் கேட்பார். நான் உதறுவேன். இது எங்களுக்குள் வருஷக்கணக்காக நடக்கும் விளையாட்டு. அன்றும் கேட்டார், நானும் உதறினேன். துண்டை எடுத்துவிட்டு என் கையையே பார்த்தார்.

"மாப்ளே, இது உங்க ஒதறல் இல்ல. நாளைக்கே பொறப்பட்டு வாங்க. எங்கூர்ல பெரிய ஆசுபத்திரி இருக்குது."

மறுநாள் நானும் ருக்குமணியும் காங்கேயம், பல்லடம் வழியாகக் கோயம்புத்தூர் பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு டிவி கிரிக்கெட் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு அணியிலும் இரட்டிப்பு ஆட்கள் தெரிந்தார்கள். எங்கள் முறை வர மதியம் தாண்டிவிட்டது. அது நல்லதாகப் போயிற்று என்று பிறகு தெரிந்தது. காலையிலேயே கூப்பிட்டிருந்தால் என் இமை நல்ல பிள்ளையாக நின்றிருக்கும்.

டாக்டரம்மா நரம்பு வைத்தியம் படித்தவர், வயது நாற்பதுக்குள் இருக்கும். கண் இமைக்காமல் கூரையைப் பார்க்கச் சொன்னார். பார்க்கப் பார்க்க இரண்டு இமையும் இறங்கின. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொன்னார். போகப் போகக் குரல் மூக்குக்குள் போய்விட்டது. பிறகு தன் இரண்டு விரல்களை என் கையில் வைத்து அழுத்தச் சொன்னார். பழக்க தோஷம் என்னை விடுமா? இரண்டு விரல் வந்ததும் என் கை தானாக ஒன்றரையைப் பிடித்து, உதறியும் விட்டது. கூட வந்திருந்த காதர் பாய் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். டாக்டரம்மா எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு என் கையில் ஒரு ஊசி போட்டார்கள். நியோஸ்டிக்மின் என்று பெயர். போட்டுவிட்டுச் சும்மா உட்காரச் சொன்னார்கள். ருக்குமணி எதிரில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு ருக்குமணியாக. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி ஒன்றாயின. இமை ஏறியது. என் கண்ணைப் பார்த்து அவள் எழுந்தே நின்றுவிட்டாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். அந்தக் குரல் முழுசாக, கணீரென்று, என் பழைய சந்தைக் குரலாக வந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பையில் இருந்த முறுக்கை எடுத்து ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் நறநறவென்று கடித்தேன். அந்தச் சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பட்ட பாட்டையெல்லாம் அந்த ஒரு முறுக்கின் தைரியத்தில்தான் பட்டேன்.

ஊசியின் வேகம் இருட்டுவதற்குள் இறங்கி, இமையும் இறங்கிவிட்டது. ஆனால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. மயஸ்தீனியா என்று ஒரு பெயர் சொன்னார். கிருமியால் வந்ததா என்று கேட்டேன். இல்லை, உங்கள் காவலே உங்களைக் கடிக்கிறது என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, அவை காவல்காரர்கள். உள்ளே ஒரு கிருமி நுழைந்தால் சில அணுக்கள் அதை அப்படியே விழுங்கிவிடும். சில அணுக்கள் அந்தக் கிருமியின் வடிவத்துக்குப் பொருந்துகிற மாதிரி எதிர்ப்பொருள் என்ற ஒன்றைச் செய்து அனுப்பும். ஆன்டிபாடி என்கிறார்கள். அது போய்க் கிருமிமேல் ஒட்டிக்கொண்டால் கிருமியின் கதை முடிந்தது. ஒருமுறை பார்த்த கிருமியை மறக்காமல் வைத்திருக்கும் அணுக்களும் உண்டு. என் மேற்கையில் இருந்த அம்மைத் தடுப்பூசித் தழும்பைக் காட்டி, ஆபத்தில்லாத ஒரு கிருமியைக் காட்டி உங்கள் காவலைச் சின்ன வயதில் பழக்கிய இடம் இது என்றார். அந்த மருந்து முதன்முதலில் மாட்டம்மையிலிருந்து வந்ததாம். மாடு எனக்குச் சோறு போட ஆரம்பித்ததற்கு முன்பே உயிரையும் காத்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சரி, எது நம் உடம்பு, எது அன்னியம் என்று அந்தக் காவலுக்கு எப்படித் தெரியும்? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயதாக ஆகச் சுருங்கிவிடும். இளம் வெள்ளை அணுக்களில் ஒரு வகை அங்கே போய்ப் பழகித்தான் வெளியே வர வேண்டும். இதை டாக்டரம்மா எங்கள் பாஷையிலேயே சொன்னார்.

"ஆட்டுப் பட்டிக்குக் காவல் நாய் வளக்கறீங்க. குட்டியா இருக்கறப்பவே அது ஆட்டைக் கடிச்சா வெச்சுக்குவீங்களா? சொந்த ஒடம்பைக் கடிக்கற அணுவை அந்தச் சுரப்பி அங்கியே ஒழிச்சுப்போடும். உங்களுக்கு அந்த எடத்துல கோளாறுங்க. கடிக்கற நாய் சிலது வெளிய வந்துபோட்டுது."

வெளியே வந்தவை எங்கே கடிக்கின்றன என்பதையும் சொன்னார். நரம்பும் தசையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லையாம். நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. நரம்பின் நுனி அதில் ஒரு ரசாயனத்தை விடும், தசையில் அதை வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கும். வாங்கியதும் தசை சுருங்கும். என் உடம்பு செய்த தப்பான எதிர்ப்பொருள்கள் அந்த வாங்கும் இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு அவற்றைக் கெடுக்கின்றன.

துண்டுக்குள் கை கோப்பது மாதிரியா என்று கேட்டேன். அதென்ன என்றார். என் துண்டைப் போட்டுச் செய்தே காட்டினேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நரம்பின் கை விலையைச் சொல்ல வருகிறது, ஆனால் மூன்றாவது கை ஒன்று உள்ளே நுழைந்து தசையின் விரல்களை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் விலை போய்ச் சேரவில்லை என்றார். முதல் சில தடவை நரம்பு பலமாகச் சொல்லும்போது எப்படியோ கேட்டுவிடும். அடுத்தடுத்துச் சொல்லச் சொல்ல அதன் பலம் குறையும். அதனால்தான் பொழுது சாய்ந்தால் எனக்கு எல்லாம் தொய்கிறது. அந்த ஊசி, நரம்பு விட்ட ரசாயனம் சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொள்கிறது. நரம்பின் கை இன்னும் கொஞ்ச நேரம் துண்டுக்குள் தங்கி, மீதி இருக்கிற விரல்களைத் தேடிப் பிடித்துவிடுகிறது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ருக்குமணிக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அப்ப இவரு கண்ணடிக்கலீங்களா?"

"இல்லீங்கம்மா. அது நோயிங்க."

என் வாழ்க்கையில் எந்தத் தீர்ப்புக்கும் அத்தனை சந்தோஷப்பட்டதில்லை. அன்றிலிருந்து அவள் என்னைக் கவனித்த கவனிப்பில் கொஞ்சம் பரிகாரமும் கலந்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஸ்கேன் படத்தில் அந்தச் சுரப்பி சுருங்காமல் வீங்கி நிற்பது தெரிந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து அதை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதற்கு முன் உடம்பைத் தேற்ற வார்டில் சேர்த்தார்கள். வேளாவேளைக்கு மாத்திரை, கூடவே ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்றால் நாய்களைக் கட்டிப்போடும் மருந்து. நல்ல நாயையும் சேர்த்தே கட்டிவிடும், அதனால் சளி பிடித்தவர் யாரும் என் பக்கத்தில் வரக் கூடாது என்று உத்தரவு. அந்த மாத்திரைக்கு அகோரப் பசி எடுக்கும். முகம் உப்பிப் புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். பில் கட்டும் ஜன்னலுக்குப் போய் வரும்போதெல்லாம் ருக்குமணி போன முகத்தோடேயே திரும்பி வருவாள். எவ்வளவு என்று கேட்டால், நீங்கள் மாட்டு விலையை வெளியே சொல்வீர்களா என்பாள்.

சாப்பாடு கோட்டைமேட்டிலிருந்து வந்தது. காதர் பாய் வீட்டம்மா என் தாடைக்கு வேலை வைக்காமல், பாசிப்பருப்புப் போட்டுக் குழைய வடித்த கஞ்சியைத் தூக்குப் போசியில் கொடுத்துவிடுவார். கஞ்சி மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து வந்து சேரும், அதற்கு ஏற்ற மாதிரி பாய் சைக்கிளை மிதிப்பார். சாயங்காலம் இரண்டு இமையும் விழுந்துவிட்டால் ருக்குமணி கட்டிலருகில் வந்து, தன் விரலால் என் இமையைத் தூக்கிப் பிடிப்பாள். "பாருங்க, புள்ள வந்திருக்குது" என்பாள். வெள்ளகோவிலிலிருந்து வந்த மகளை நான் அப்படித்தான் பார்த்தேன். ஒருத்தி விரல் தூக்கிவிட, இன்னொருத்தியைப் பார்ப்பது சிரிப்பாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். மூச்சு விடுவதும் தசையின் வேலைதான். ஆபரேஷன் முடிந்து சில நாள் அந்தத் தசைக்குப் பலம் போதாமல் போகலாம். தொண்டையில் குழாய் வைத்து மெஷின் மூச்சு விடும். பிறகு நீங்களாக விட ஆரம்பிக்க வேண்டும் என்றார். ஆரம்பிக்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கண் விழித்தேன் என்று எழுத முடியாது, இமை திறக்கவில்லை. நினைவு வந்தது, அவ்வளவுதான். தொண்டையில் குழாய். நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி வலி. மெஷின் ஊதும் சத்தம். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, மெஷினின் வேகத்தைக் குறைத்து என்னை மூச்சு விடச் சொன்னார்கள். விட்டேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு ஏற மறுத்தது. தண்ணீருக்குள் அமுங்குவது மாதிரி இருந்தது. மறுபடி மெஷினை முடுக்கிவிட்டார்கள். அதன் பிறகு எனக்கு மனசு விட்டுப்போயிற்று. டாக்டர்கள் விரலைக் கொடுத்து அழுத்துங்கள் என்றால் பேருக்கு ஒரு முறை அழுத்திவிட்டுக் கிடந்தேன். மெஷினே விடட்டும் என்று தோன்றிவிட்டது.

பார்க்க வருகிறவர்களை ஒவ்வொருவராக, கொஞ்ச நேரம் மட்டும் விட்டார்கள். ருக்குமணி வந்து இமையைத் தூக்கித் தன் முகத்தைக் காட்டிவிட்டுப் போனாள். அடுத்து வந்த செருப்பில்லாக் காலடி யாருடையது என்று தெரியவில்லை. அத்தர் வாசனை வந்ததும் தெரிந்துவிட்டது. காதர் பாய்தான்.  என் கைமேல் போர்வையை இழுத்துவிட்டு, உள்ளே கையை நுழைத்து, ஒரே ஒரு விரலைப் பிடித்தார்.

என் மயிலைக்கு ஒரு விரலா! கன்றுக்குட்டிக்குக்கூட அந்த விலை கேட்க மாட்டார்கள். எனக்குச் சுரீரென்று வந்தது. உதறப் பார்த்தேன், மணிக்கட்டு ஆடவில்லை. மறுநாள் வந்து ஒன்றரை பிடித்தார். அதற்கடுத்த நாள் இரண்டு. நடுவில் எனக்கு வேறு வேலையே இல்லை. அடுத்த முறை எப்படி உதறுவது என்று போர்வைக்குள் கையை அசைத்து அசைத்துப் பழகிக்கொண்டே கிடந்தேன். கையில் அசைவு கூடுகிறதே என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் மூன்று விரல்களைப் பிடித்தார். என் பலத்தையெல்லாம் திரட்டி உதறினேன். உதறத்தான் நினைத்தேன். ஆனால் மணிக்கட்டுக்குப் போக வேண்டிய பலம் விரல்களோடு நின்றுவிட்டது. என் கை மெல்ல, முழுதாக, அவர் கையை மூடிப் பிடித்துக்கொண்டது.

எங்கள் சந்தைகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

 காதர் பாய் என் காதருகில் குனிந்தார்.

"சரிங் மாப்ளே. முடிச்சுப்போட்டோம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் என்ன செய்வேன்? கன்றிலிருந்து வளர்த்த காளை மூன்று விரலுக்குப் போய்விட்டது. கத்தலாம் என்றால் தொண்டையில் குழாய், முறைக்கலாம் என்றால் இமை திறக்காது. அன்று முழுக்க எனக்குச் சாவு பயம் இல்லை, வலி இல்லை. இந்தக் குழாயை எடுத்தால் போதும், அந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் இருந்தது. மறுபடி மெஷினைக் குறைத்தார்கள். நெஞ்சு ஏற மறுக்கும் இடம் வந்தது. மயிலையை நினைத்தேன். ஏறியது. இன்னொரு தடவை ஏறியது. ஆளுக்காள் வந்து பார்த்தார்கள். அன்று மறுபடி மெஷினை முடுக்கவில்லை.

மறுநாள் காலை குழாயை எடுத்தார்கள். இருமி முடித்ததும் டாக்டரம்மா குனிந்து, ஏதாவது பேசிப் பாருங்கள் என்றார். கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"அந்த வெலைக்கு முடியாதுங்க."

மயக்க மருந்தின் வேகம் இன்னும் இறங்கவில்லை என்று நர்ஸ் கவலைப்பட்டாராம். டாக்டரம்மா மட்டும் சிரித்தார். கண்ணாடிக்கு வெளியே நின்ற ருக்குமணியும் சிரிப்பது, பாதி திறந்த என் கண்ணுக்குத் தெரிந்தது.

வார்டுக்கு வந்த பிறகு காதர் பாயிடம், கை தவறி மூடிவிட்டது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். கை மூடினால் மூடியதுதான். எனக்கென்று தனிச் சட்டம் இல்லை. காளையை வந்து ஓட்டிக்கொள்ளுங்கள் மாமா என்றேன். அவர் கஞ்சிப் போசியைத் திறந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"நோவுபட்ட கைகிட்ட நான் ஏவாரம் பண்ண மாட்டேன் மாப்ளே. கை நல்லாகட்டும், சந்தையில மறுக்கா பேசிக்கலாம்."

கை உடனே நல்லாகிவிடவில்லை. சுரப்பியை எடுத்தாலும், ஏற்கெனவே வெளியே வந்த நாய்கள் அடங்கப் பல மாதம் ஆகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒரு நாள் சாயங்காலச் சாப்பாட்டை முட்டுக்கொடுக்காமல் மென்று முடித்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள், பொழுது சாய்ந்தும் வீட்டில் ஒரே ருக்குமணி இருந்தாள். ஊரார் நான் குடியை விட்டுவிட்டதாகப் பாராட்டினார்கள். மறுக்க எனக்கு நேரமில்லை.

சித்திரைத் தேரோடு கூடும் மாட்டுச் சந்தைக்கு மயிலையை ஓட்டிக்கொண்டு போனேன். ருக்குமணியும் மகளும் கூட வந்தார்கள். வேண்டுமென்றே சாயங்காலமாகப் பார்த்துப் போனேன். காதர் பாய் கடையில் மணிகளை மாட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார், இமை இரண்டையும் பார்த்தார். துண்டை எடுத்து உதறி, எங்கள் கைமேல் போட்டார். சுற்றிலும் நாலு தரகர்கள் கூடிவிட்டார்கள்.

உள்ளே அதே ஒரு விரலில் ஆரம்பித்தார். நான் உதறினேன். துண்டு பறந்து போய் ஒரு மணிக் குவியலின்மேல் விழுந்தது. கூட்டம் சிரித்தது. அவர் கண் கலங்கிவிட்டது, துண்டை எடுக்கிற சாக்கில் திரும்பித் துடைத்துக்கொண்டார். மறுபடி துண்டு விழுந்தது. ஒன்றரை. உதறினேன். இரண்டு. உதறினேன். மூன்று விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் உதறப் போகிறேன் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு.

நான் ருக்குமணியைப் பார்த்துக் கண்ணடித்தேன், இந்த முறை நானாக. இறங்கிய இமை சொன்னபடி ஏறியது. அவள் தலையை ஆட்டினாள். மயிலையின் கயிற்றை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

துண்டுக்குள் என் கையை மூடினேன். விரல் ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் திகைத்துப்போய்க் கையை இழுக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மாப்ளே, உடுங்க. வெரலு ஒடஞ்சுபோகுமுங்க."

நான் விடவில்லை.